வேலையில்லாதவள் மூச்சு

“வீட்ல என்னைத் திட்டும்போது மட்டும் இந்த மூச்சு தீரவே மாட்டேங்குதே, அது எப்படி? ஒழுங்கா ஊது.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணா. அக்கா, உதட்டை இறுக்கிக்குங்க. நல்லா இழுத்து... ஊதுங்க! விடாதீங்க, இன்னும், இன்னும்...”

குழாயை வாயிலிருந்து எடுத்தவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மூக்கில் மாட்டியிருந்த கிளிப் தெறித்துத் தரையில் விழுந்தது. வரிசையில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் அவள் கணவன்தான். முந்திக்கொண்டு சிரிக்காவிட்டால் அடுத்த சிரிப்பு தன்மேல் விழும் என்று அவனுக்குத் தெரியும்.

ப்ளீச்சிங் பவுடர் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடம் அது. குளோரின் நெடி தொழிலாளர்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்று ஆராய மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருந்தார்கள். நெடி பட்ட நுரையீரலை மட்டும் பார்த்தால் போதாதாம். ஒப்பிட்டுப் பார்க்க, நெடியே படாத நுரையீரலும் வேண்டுமாம். அதற்காகத்தான் மனைவிமாரை அழைத்திருந்தார்கள். அதே தெரு, அதே தண்ணீர், அதே சாப்பாடு. வேலைக்கு மட்டும் போகாதவர்கள். அவளுடைய படிவத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதச் சொன்னவன் கணவன்தான்.

கருவியை இயக்கிய பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் ஊதிய மூச்சு மேடாக எழுந்து சீராக இறங்கியிருந்தது. மனைவியுடையது எழும்போதே களைத்து, இறங்கும் வழியில் குழி விழுந்து கிடந்தது.

“அண்ணாவுக்கு நூத்துக்கு எண்பத்தொண்ணு. அக்காவுக்கு அம்பத்தெட்டு.”

“மிஷின் கோளாறும்மா. பவுடர் மூட்டை தூக்குறவன் நானு. இவ வீட்ல சும்மா இருக்கிறவ.”

“நாலு தடவை ஊத வெச்சுட்டேண்ணா. அக்கா, சின்ன வயசுல இழுப்பு இருந்துச்சா? விறகடுப்பா?”

“அதெல்லாம் இல்லம்மா.”

“அப்போ உங்களை எடுத்துடணும்க்கா. மூச்சுக் கோளாறு உள்ளவங்களை ஒப்பிடுற பட்டியல்ல வைக்கக் கூடாது.” பேனா அவள் பெயர்மேல் போய் நின்றது.

அவள் குனிந்து கணவனின் காலடியில் இருந்த பையைப் பார்த்தாள். இன்றைய சீருடை அதற்குள் இருந்தது. பதினோரு வருடங்களாக அந்தப் பை மாலையில் வீட்டுக்கு வருகிறது. மாமியாருக்கு அந்த வாடை ஆகாது. அதனால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அவள் சட்டையை உதறுவாள். வெள்ளையாகப் புகைபோல் எழும். மேலே வெந்நீரை ஊற்றினால் கண்ணும் தொண்டையும் எரியும். ஒரு வருடமாக மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்றுவிடுகிறாள். யாராவது பார்த்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வாள்.

“நெடின்னு சொன்னீங்களே,” என்றாள் மெதுவாக. “துணியை உதறும்போது வர்றதும் அதுல சேருமா?”

பேனா பெயரை விட்டு மேலே எழுந்தது. அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“அப்போ முகமூடி?”

“அது அவருக்குத்தானே குடுப்பாங்க.”

“பக்கத்துலயே கம்பெனி சலவை ரூம் இருக்கே, வரும்போது பாத்தேனே?”

“அது பொண்டாட்டி இல்லாதவன் போற இடம்மா!” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மறுபடியும் சிரிப்பு.

மூன்று வருடங்களுக்கு முன் திறந்த அறை அது. முதல் நாள் அங்கே துணி போட்டவனுக்கு ‘தனிக்கட்டை’ என்று பட்டம் கட்டினார்கள். அவனுக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். மறுநாளிலிருந்து அவனும் பையை வீட்டுக்கே கொண்டுபோனான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. படிவத்தில் ‘இல்லை’ என்பதை அடித்தாள். வேறு கட்டம் இல்லாததால் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்: ‘துணி உதறுதல், பதினோரு வருடம், மூடிய அறை.’

“டாக்டர்கிட்ட காட்டுறேன்க்கா, மருந்து குடுப்பாங்க. ஆனா இந்தப் பை வீட்டுக்கு வந்துக்கிட்டே இருந்தா எந்த மருந்தாலயும் ஆகாது.” பிறகு வரிசையை நிமிர்ந்து பார்த்தாள். “வேற யாரு வீட்ல துணி உதறுறீங்க?”

ஒரு கை எழுந்தது. பின்னால் இன்னொன்று. வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்திகூட இதுவரை சிரிக்கவில்லை என்பதை மனைவி அப்போதுதான் கவனித்தாள்.

வெளியே வந்தார்கள். சலவை அறை திறந்தே கிடந்தது. எதிர்ப் பெஞ்சில் அவன் கூட்டாளிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் தனிக்கட்டையும் இருந்தான்.

“என்னப்பா மூட்டை, உன்னைவிட உன் சம்சாரத்துக்குத்தான் பவுடர் ஜாஸ்தியாமே?”

கணவன் பழக்கதோஷத்தில் பையை அவள் பக்கம் நீட்டினான். அவள் கை நீட்டவில்லை. பை இருவருக்கும் நடுவில் தொங்கியது. பெஞ்சில் டீ உறிஞ்சும் சத்தம் நின்றது.

“ஏங்க,” என்றாள். மூச்சு வாங்கியது. கொஞ்சம் நின்று, மிச்சத்தையும் சொன்னாள். “நீங்களே உள்ள கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்களேன். நான் இங்கேயே நிக்கிறேன்.”