எமிலின் ஏறுபரண்

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒருவரை முதன்முதல் சந்திக்கிற எங்கள் ஆட்கள் சுகம் விசாரிப்பதற்கு முன்பே கேட்பது, "ஊரிலை எவ்விடம்?" என்றுதான். பதில் சொன்னால் அதோடு விடமாட்டார்கள். எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, ஆருடைய மகன் என்று கிண்டிக்கொண்டே போவார்கள். வேண்டியது கிடைத்த பிறகுதான் தேத்தண்ணியில் வாய் வைப்பார்கள்.

மடுத்தீன் மன்னாரைச் சேர்ந்தவன். தகப்பன் பனை ஏறிப் பிள்ளைகளை வளர்த்தவர். இருபத்திரண்டு வயதுவரை மடுத்தீனும் ஏறினான். பாரிசுக்கு வந்த முதல் கிழமையே அவன் தகப்பனைக் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஆக்கிவிட்டான். செத்துப்போன மனிசனுக்குக் கிடைத்த பதவி உயர்வு.

அந்தப் பொய்யை அவன் சொன்னது ஸ்கந்தராசாவிடம். எண்பத்து நாலாம் ஆண்டு மாரியில், கார் து நோர் ஸ்டேசனில் ஒரு பையோடு விறைத்துப்போய் நின்றவனை ரூ பஜோல் தெருவில் இருந்த தன் அறைக்குக் கூட்டிப் போய், தன் மெத்தையை அவனுக்கு விட்டுவிட்டு நிலத்தில் படுத்தவர் ஸ்கந்தராசா. மூன்றாம் நாள் ஒபர்வில்லியே என்ற புறநகரில் தான் வேலை செய்த இரும்புப் பட்டறைக்கே அவனைக் கூட்டிப் போய் முதலாளி எமிலிடம் ஒப்படைத்தார். ஸ்கந்தராசா நல்ல மனிசன்தான். ஆனால் சமைக்கிறவன் என்ன சாதி என்று தெரிந்ததும் முந்தி இருந்த அறையை ஒரே நாளில் காலி பண்ணிக்கொண்டு வந்தவரும் அவரேதான். அந்தக் கதையை அவரே பெருமையாகச் சொல்லுவார். மடுத்தீன் கேட்டுக்கொண்டு கறிக்கு வெங்காயம் வெட்டுவான். நன்றியும் பயமும் ஒரே நெஞ்சுக்குள் இரண்டு வருசம் குடியிருந்தன.

எமில் ஒரு வேட்டைப் பைத்தியம். யன்னல் கம்பிகள் செய்கிற பட்டறையில் அவர் மரத்தில் ஏறி மிருகத்துக்குக் காத்திருக்கத் தனக்கென்று ஒரு ஏறுபரணும் செய்து வைத்திருந்தார். இரண்டு இரும்புச் சட்டங்கள். மேல் சட்டம் உட்கார, கீழ்ச் சட்டம் கால் வைக்க; காலைக் கொழுவ அதில் ஒரு கால்பட்டி. இரண்டும் மரத்தைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும். மேலே உட்கார்ந்து கீழ்ச் சட்டத்தைக் காலால் இழுத்து உயர்த்த வேண்டும். பிறகு அதில் எழுந்து நின்று மேல் சட்டத்தை உயர்த்த வேண்டும். மயிர்க்கொட்டிப் புழு ஊர்கிற மாதிரித்தான் ஏற்றம். முதல்முறை பார்த்தபோது மடுத்தீனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. காலில் நார்வளையம் போட்டு நாங்கள் ஏறுகிற ஏற்றத்துக்கு வெள்ளைக்காரன் உட்கார ஒரு கதிரையும் பூட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். அதைச் சொன்னால் கிளாக்கரின் மகன் பிடிபட்டுவிடுவான்.

ஒவ்வொரு ஆவணியும் பரணைச் சரிபார்ப்பது அவன் வேலை. துருவைச் சுரண்டி, ஆணிகளை இறுக்கி, மரத்தைக் கவ்வும் பற்களை அராவி, பச்சை வர்ணம் பூசுவான். எண்பத்தாறில் பூசும்போது இரண்டு சட்டங்களையும் இணைத்திருந்த நைலோன் கயிற்றைக் கழற்றி வைத்தான். தூக்கிச் செல்லக் கட்டிய கயிறு என்றே நினைத்தான். பனை ஏறுகிறவனின் வளையம் அவன் காலோடே வரும். அதைக் கட்டிவைக்க வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்? லா சப்பலில் நல்ல கயிற்றை யாரும் எறிவதுமில்லை. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்த தங்கை பிலோமினாவுக்குப் பால்மாவும் கம்பளியும் போட்ட பெட்டியை அந்தக் கயிற்றால் இறுக்கிக் கட்டித் தபாலில் சேர்த்துவிட்டான்.

புரட்டாதியில், வேட்டைக் காலம் தொடங்க முன்னம், ஒரு சனிக்கிழமை எமில், ஸ்கந்தராசா, மடுத்தீன் மூவரும் காட்டுக்குப் போனார்கள். கிளையில்லாத நேரான பைன் மரம் ஒன்றை எமில் தேர்ந்தார். மரத்தோடு சேர்த்துக் கட்டும் இடுப்புப் பட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு, அறுபது வயதில் பொடியன் மாதிரி ஏறத் தொடங்கினார். ஆறு மீற்றர் உயரத்தில், பார்வையை மறைத்த பக்கத்து மரத்தின் சிறு கொப்பொன்றை வெட்ட, காலைக் கால்பட்டியிலிருந்து எடுத்துத் திரும்பினார். கீழ்ச் சட்டம் பிடி விட்டது. சடசடவென்று மரத்தைச் சுரண்டிக்கொண்டு அடியில் வந்து விழுந்தது.

எமில் மேல் சட்டத்தில், கால் இரண்டும் அந்தரத்தில் தொங்க, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் மடுத்தீனுக்குத் தான் கழற்றிய கயிறு எதற்கென்று விளங்கியது: கீழ்ச் சட்டம் விழாமல் மேல் சட்டத்தோடு பிடித்து வைக்க.

ஸ்கந்தராசா காரை இழுக்கிற கயிற்றைக் கொண்டுவந்து எறிந்தார். மூன்றாம் தரம் எமில் எட்டிப் பிடிக்கச் சரிந்தபோது மேல் சட்டமும் அசைந்தது.

"எறியாதேங்கோ அண்ணை! அவர் விழுந்துடுவார்!"

"அப்ப என்ன செய்யிறது? ஆக்களைக் கூட்டிவர ஒரு மணித்தியாலம் ஆகும்."

எமிலின் கைகள் மரத்திலிருந்து வழுக்குவது கீழிருந்தே தெரிந்தது. அவருக்கு ஒரு மணித்தியாலம் இல்லை. காகிதம் ஒன்றும் இல்லாத காலத்தில், பெயரைக்கூடச் சரியாகக் கேட்காமல் கையில் சுத்தியலைத் தந்த கைகள் அவை.

மடுத்தீன் சப்பாத்தைக் கழற்றினான். பரணைச் சுற்றிக் கொண்டுவந்த அரிசிச் சாக்கை முறுக்கி, முடிந்து, இரண்டு காலுக்கும் அளவாக ஒரு வளையம் செய்தான். கண்ணை மூடிக்கொண்டும் செய்யக்கூடிய முடிச்சு. நிமிர்ந்தபோது ஸ்கந்தராசா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உது எங்கை பழகினனீ?"

"என்ரை அப்பர் கிளாக்கர் இல்லை, அண்ணை."

மடுத்தீன் காரின் கயிற்றில் ஒரு நுனியைக் கீழே கிடந்த சட்டத்தில் கட்டினான், மற்றதைத் தன் இடுப்பில் கட்டினான். அடிமரம் பாசி பிடித்து வழுக்கியது. இரண்டு தரம் சறுக்கி விழுந்தான். மூன்றாம் தரம் மரத்தடியில் ஸ்கந்தராசா குந்தியிருந்தார். கோட்டைக் கழற்றிவிட்டு, மரத்தைப் பிடித்துக்கொண்டு.

"தோளிலை ஏறு."

"அண்ணை, காலெல்லாம் சேறு..."

"ஏறடாப்பா! மனிசன் விழப்போறான்!"

அவன் ஏறினான். ஸ்கந்தராசா முக்கிக்கொண்டு எழும்பினார். பாசிக்கு மேலே சொரசொரத்த பட்டையில் வளையம் பிடித்துக்கொண்டது. பிறகு அவன் கால்கள் ஒன்றையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒரு நிமிசத்தில் எமிலின் காலடியில் இருந்தான். கயிற்று நுனியை அவர் கையில் சுற்றிவிட்டு, "மெல்ல, முசியு, மெல்ல" என்று சொல்லி இறங்கி வந்தான். கீழிருந்து இரண்டு பேரும் சட்டத்தைத் தூக்கிக் கொடுக்க, எமில் கயிற்றை முழம் முழமாக இழுத்துக் காலுக்கடியில் பொருத்தினார். இரண்டு சட்டத்தையும் அதே கயிற்றால் பிணைத்துக் கட்டிவிட்டு, அங்குலம் அங்குலமாக இறங்கினார்.

நிலத்தில் கால் பட்டதும் எமில் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். மடுத்தீன் முன்னால் போய் நின்று, கயிற்றைக் கழற்றியது தான்தான், அது இப்போது கப்பலில் போய்க்கொண்டிருக்கிறது என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னான். வேலை போனது என்றே நினைத்தான்.

எமில் கனநேரம் மூச்சு வாங்கினார். "ஏறுகிறவன்தான் பார்த்துவிட்டு ஏற வேண்டும். நான் பார்க்கவில்லை," என்றார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தங்கையின் பெட்டி பத்திரமாகப் போய்ச் சேரட்டும்," என்றார். மடுத்தீனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கவுமில்லை.

அன்று இரவு ஸ்கந்தராசா அறையைக் காலி பண்ணவில்லை. வழமைபோல இரண்டு கோப்பையில் சோறு போட்டார். மடுத்தீன் வைத்த கறிக்கு உப்புக் குறைவு என்று ஏசினார்.

அடுத்த ஞாயிறு தேத்தண்ணிக் கடையில், ஜெர்மனியிலிருந்து வந்திருந்த இராஜதுரை என்ற பெரியவர் மடுத்தீனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி ஊரிலை எவ்விடம்?"

"மன்னார்."

"அப்பர் என்ன செய்தவர்?"

மடுத்தீன் கோப்பையைக் கீழே வைத்தான். "பனை ஏறினவர், ஐயா. நானும் ஏறினனான்."

இராஜதுரை ஸ்கந்தராசாவின் முகத்தைப் பார்த்தார். ஸ்கந்தராசா வலது தோளை மெல்லத் தடவிக்கொண்டார்.

"ஓம், எனக்குத் தெரியும்," என்றார். "நல்ல பாரமான ஆள். தோள் இன்னும் நோகுது."