தையல்காரர் மகளின் ஸ்வெட்டர்

தையல்காரரின் மகள் பிறந்த அன்று பிரசவ வார்டில் இருந்த தலையணைகள் எல்லாம் தையல் பிரிந்து பஞ்சைக் கொட்டின. அதற்கு முன்பே நர்ஸின் சட்டைப் பை கழன்று தெர்மாமீட்டர் உடைந்திருந்தது, காலர் தனியாக வந்திருந்தது, குழந்தையைத் துடைத்த ஆயாவின் செருப்பு வார் வேறு அடி வேறாகப் போயிருந்தது. நூல் எங்கேயும் அறுந்து போகவில்லை. முடிச்சு தானாக அவிழ்ந்து, போன வழியாகவே நூல் திரும்பி வந்து, தரையில் சுருண்டு கிடந்தது. குழந்தையைச் சுற்றி இரண்டு கை நீளத்துக்குள் எந்தத் தையலும் நிற்காது என்பது சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நெய்தது நின்றது, ஒட்டியது நின்றது, ஆணி அடித்தது நின்றது, ஊக்குக் குத்தியதும் நின்றது. நல்லவேளையாகச் சுகப்பிரசவம்; வேறு மாதிரி ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. மருத்துவர் தன் வெள்ளைக் கோட்டின் இரண்டு கைகளையும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எடை சரியாக இருக்கிறது, பாலும் குடிக்கிறது, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்.

வேறு யார் வீட்டிலாவது இப்படி நடந்திருந்தால் ஊர் நாலு நாள் பேசிவிட்டு விட்டிருக்கும். நடந்தது தையல்காரர் வீட்டில். அவர் தைத்த கால்சட்டைகள் போட்டவர்களைவிட அதிக நாள் இருக்கும் என்று பெயர். ஆளை வாசலில் பார்த்தாலே இடுப்பளவு சொல்லுவார், சொன்னது தப்பாது. சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தால்கூட வெளியே தலைகாட்டாத மனிதர். மகளைப் பார்க்கப் போவதற்கென்றே புதுச் சட்டை ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு போனார். குழந்தையைக் கையில் வாங்கியதும் சட்டையின் கைகள் இரண்டும் முழங்கைக்கு வந்தன, முதுகு இரண்டாகப் பிளந்தது, கால்சட்டை கீழே இறங்கத் தொடங்கியது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் இடுப்பு. வார்டே சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை, வலியில் கிடந்த பெண்களுக்குச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் தையல்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, "கடையில வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாக வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் மகளைத் தூக்கவில்லை.

கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். தைத்து மாட்டிய துணிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லித் தொட்டிலைக் கடைசி அறையில் போடச் சொன்னார். அதோடு சும்மா இருந்தாரா என்றால் இல்லை. மெழுகு தடவிய நூல், செருப்புத் தைக்கிற நூல், மீன்பிடி நரம்பு, மெல்லிய செம்புக் கம்பி என்று எதெதிலோ துணித் துண்டுகளைத் தைத்து, ஒரு நீளக் குச்சியின் நுனியில் கட்டி, வாசற்படியில் நின்றபடியே தொட்டில் பக்கம் நீட்டிப் பார்த்தார். எல்லாம் பிரிந்தன. செம்புக் கம்பி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிரிந்தது.

"என் தொழிலே வேணாங்கிறா" என்றார் மனைவியிடம்.

"அவளுக்கு உங்க தொழில் என்னன்னே தெரியாதுங்க. இன்னும் கழுத்தே நிக்கல" என்றார் மனைவி. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்; எதையும் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

தையல்காரருக்கு மகளைத் தூக்க ஆசை இருந்தது. அந்த ஆசையை மறைக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் பாவமாக இருந்தது. கத்தரிக்கோலைத் தேடுகிறேன் என்று பின்னறை வரைக்கும் வருவார், கத்தரிக்கோல் கையிலேயே இருக்கும். குழந்தை அழுதால் மெஷினை நிறுத்திவிட்டு, கால் மிதிபலகையில் இருக்க, அழுகை நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறோம் என்று எழுந்து போனார்கள்.

தெரு அவரைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டது. குழந்தை பார்க்க வந்தவர்கள் போர்வையைச் சுற்றி ஊக்குக் குத்திக்கொண்டு வந்தார்கள். ஊக்கை மறந்த எதிர்வீட்டுப் போஸ்ட்மாஸ்டர் ஒரு நாற்காலியை முன்னால் பிடித்தபடி பின்னோக்கி நடந்து வீடு திரும்பினார். பழைய கோட்டைப் பிரித்துத் தைக்க வேண்டியவர்கள் அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் வைத்து எடுத்துப் போனார்கள்; கத்தி படாமல், துணி கிழியாமல், நூலும் வீணாகாமல் பிரிந்து கிடைத்தது. மருத்துவரும் விஷயம் புரிந்தவர். காயம் ஆறியவர்களைத் தையல் பிரிக்க அங்கேதான் அனுப்பினார், வலியே தெரியவில்லை என்றார்கள். இன்னும் ஆறாதவர்கள் எதிர்ப்பக்கமாக நடந்து போனார்கள்.

பிறகு குளிர் வந்தது. துண்டையும் போர்வையையும் எத்தனை சுற்றினாலும் குழந்தை உதைத்துத் தள்ளிவிட்டது. கை கால் இருக்கிற உயிரைப் பொட்டலம் மாதிரி எத்தனை நாள் கட்டி வைப்பது? கடையில் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்துப் பட்டை என்று ஐந்தாகப் பிரிந்து தொட்டிலில் கிடந்தது. இரண்டாவது ஸ்வெட்டரும் அப்படியே. குழந்தையின் உதடு சாயங்காலங்களில் நீலம் பூத்தது. சளி நெஞ்சில் இறங்கினால் கஷ்டம் என்று மருத்துவர் சொன்னதும், டீச்சர் அந்த ஐந்து துண்டுகளையும் எடுத்து வந்து வெட்டுப்பலகையில் கணவர் முன்னால் வரிசையாக வைத்தார்.

"உங்க அக்காகிட்ட போங்க" என்றார்.

தையல்காரர் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, பதில் சொல்ல முடியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அக்காவோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கடை திறந்தபோது அக்கா குரோஷா ஊசியில் பின்னிய மேசை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தபோது தம்பி அதில் மெஷின் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா தண்ணீர்கூடக் குடித்துவிட்டுத்தான் போனார். அப்புறம் வரவில்லை. தப்பு தன்னுடையது என்று தையல்காரருக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் போகவில்லை.

அக்காவுக்கு ரயில் நிலையத்தில் வேலை, பயணிகள் தவறவிட்ட சாமான்களை வைத்திருந்து திருப்பிக் கொடுக்கிற கவுன்ட்டர். குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையில் எதையாவது பின்னிக்கொண்டிருப்பார். தம்பி போய் நின்றபோது அக்கா தலை நிமிரவில்லை.

"என்ன தொலைச்சீங்க?"

"அக்கா, நான்தான்."

"தெரியுது. என்ன தொலைச்ச?"

தையல்காரர் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது எதுவும் வாயில் வரவில்லை. "குழந்தைக்குக் குளுருதுக்கா" என்றார்.

அக்கா கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்து ஒரு பெஞ்சைத் துடைத்துப் போட்டார். கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்க வேண்டும்; பார்த்துக்கொள்ள வாய்ப்பு வரவே இல்லை. "கழுத்துலேர்ந்து ஆரம்பிச்சு சுத்திச் சுத்திக் கீழ இறங்கினா தையலே வேணாம். ஒரே துண்டு. பொத்தானும் வேணாம், கயிறு பின்னிக் கோத்துடலாம். அளவு சொல்லு" என்றார். தம்பி வாசற்படியிலிருந்து பார்த்துவைத்த அளவைச் சொன்னார். அக்கா சங்கிலி போட்டு, வளையமாக இணைத்து, நாலு மூலையிலும் கண்ணி கூட்டிக்கொண்டே போய், மறுநாள் மதிய ரயிலுக்குள் தோள் வரைக்கும் பின்னிக் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தால் அந்தக் கழுத்துக்குள் குழந்தை முழுசாகப் புகுந்து வெளியே வந்தது. போர்வை சுற்றிய குழந்தையைத் தூரத்திலிருந்து பார்த்து, போர்வையின் அளவைச் சொல்லியிருக்கிறார் மனிதர். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் கண் ஏமாந்தது.

அக்கா நூல் நுனியைப் பிடித்து இழுத்து, மொத்தத்தையும் பிரித்துக் கண்டாகச் சுற்றிக்கொண்டார். "டேப் வச்சு எடு. நீயே எடு. உன் பொண்டாட்டி எடுத்து நீ சொல்றதா இருந்தா நான் ஊசியத் தொடமாட்டேன்" என்றார். அடுத்தவர் எடுத்த அளவுக்குத் துணி வெட்டமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் தையல்காரர்தான், அதனால் வாதாட வழியில்லை.

சட்டையோடுதான் உள்ளே போனார், வீம்பு. தொட்டிலை நெருங்குவதற்குள் சட்டை காலடியில் கிடந்தது. மார்பளவு எடுக்க வேண்டுமானால் முதுகுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கியாக வேண்டும். தூக்கினார். முதுகு முழுக்க அவர் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. குழந்தை டேப்பின் நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. வெளியே நின்ற டீச்சருக்கு அவர் குரல் கேட்டது. மகளோடு எப்படிப் பேசுவது என்று தெரியாமல் வாடிக்கையாளரிடம் பேசுவது போலவே பேசிக்கொண்டிருந்தார். "கையைக் கொஞ்சம் அகட்டுங்க. மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க, அப்புறம் இறுக்குதுன்னு சொல்லப்படாது." டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. எடுத்த அளவு மறந்துபோய் அவர் திரும்பவும் எடுத்தார், அதுவும் மறந்துபோனது. கடைசியில் வேலை முடிந்தது, குழந்தையைக் கிடத்திவிட்டுக் கடைக்குப் போனார். அளவெடுப்பது வேலை. வேலை இல்லாமல் தூக்குவதற்கு அவருக்கு இன்னும் முகம் வரவில்லை.

ஸ்வெட்டர் வந்தது. இளமஞ்சள் நிறம். கழுத்திலிருந்து இறங்கி, தோளில் விரிந்து, கைகளுக்கான கண்ணிகளை ஒதுக்கிவிட்டு உடம்பைச் சுற்றி இறங்கி, பிறகு ஒவ்வொரு கையும் அது அதன் வட்டத்திலேயே மணிக்கட்டு வரை வந்திருந்தது. நூலின் வாலைக்கூட ஊசியால் கோக்காமல் பின்னலுக்குள்ளேயே வைத்துப் பின்னியிருந்தார் அக்கா. குழந்தைக்குப் போட்டுவிட்டு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒன்றும் பிரியவில்லை. சாயங்காலம் உதடு சிவப்பாகவே இருந்தது. அன்று அந்த வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

மறுநாள் காலை தையல்காரர் வாசற்படியில் நின்று பார்த்தார். குழந்தை கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தபோது அக்குளில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. இன்னொரு கையிலும் ஒன்று. உடம்பும் கையும் பிரிகிற இடத்தில் பின்னலில் விழுகிற இடைவெளி அது, ஒரு பயறு போகும்.

"காத்து உள்ள போகுமே" என்றார். யாரும் பதில் சொல்வதற்குள் ஊசியும் மஞ்சள் நூலும் எடுத்து வந்துவிட்டார்.

ஊசியில் போடுவது எதுவும் அங்கே நிற்காது என்று அந்த வீட்டிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தாலும் சட்டை விழுந்ததைப் பொருட்படுத்தாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளை மடியில் கிடத்தி, இரண்டு ஓட்டைகளையும் கண்ணுக்குத் தெரியாத தையலாக, தன் பெயருக்குத் தகுந்த வேலையாகத் தைத்து முடித்தார். முடிச்சுப் போட்டு நூலைக் கடித்துத் துப்பியதும் தையல் மெதுவாக வெளியே வந்து அவர் முழங்காலில் சுருண்டது. அவர் அதைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மடியிலிருந்து இறக்கவில்லை. கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்றார்.

மறுநாளும் தைத்தார். அதற்கு மறுநாளும். அந்த ஓட்டைகளைப் பின்னும்போதே அடைத்திருக்கலாமே அண்ணி என்று டீச்சர் ஒரு நாள் கேட்டபோது, "அடைக்க எனக்குத் தெரியாதா?" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா அடுத்த ஸ்வெட்டருக்கு நூல் கேட்டார். ஒவ்வொரு குளிருக்கும் ஒரு ஸ்வெட்டர் வந்தது, ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு ஓட்டைகளும் தவறாமல் இருந்தன. வெயில் காலத்துக்குப் பருத்தி நூலில் சட்டையும் பாவாடையும் அதே மாதிரி வந்தன. தையல்காரருக்கே பெரிதாக ஒன்று பின்னிக் கொடுத்தார். ஊரிலேயே நன்றாகத் தைக்கிற மனிதர் ஒரு தையல்கூட இல்லாத ஸ்வெட்டரில் கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முதல் வாரம் கூட்டம் வந்தது, இரண்டாவது வாரம் வரவில்லை.

பெண் வளர்ந்தாள். தெருக்காரர்கள் அவளை நூலு என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பையில்லாமல் கயிற்றில் கட்டிய புத்தகத்தோடு போனாள். விளையாட்டுத் திடலில் அவள் காலுக்கு வந்த பந்தெல்லாம் தோல் தோலாக விரிந்ததால், மைதானத்தின் மறுகோடியில் நின்று விசில் ஊதுகிற வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். படித்து முடித்ததும், அவள் பிறந்த அதே மருத்துவமனையில் தையல் பிரிக்கிற பிரிவில் வேலை கிடைத்தது. நோயாளிகள் அவளுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்கள்.

தையல்காரருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் முன் அவருக்கு ஊசியில் நூலைக் கோத்துக் கொடுக்கிறாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையைத் தூக்குகிறாள், அது முடிந்ததும் மற்றக் கையை. முன்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த தையல் இப்போது கோணல்மாணலாக, எட்டி நின்று பார்த்தாலே தெரிகிற மாதிரி விழுகிறது.

"அப்பா, சீக்கிரம்ப்பா. பஸ் வந்துடுச்சு."

"ஆடாத. இன்னும் ஒரு தையல்தான்."

அந்த ஒரு தையல் நாலைந்தாக நீளும். தெருமுனையில் பஸ் நிற்கிறது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், பயணிகளும் ஏன் என்று கேட்பதில்லை. தையல்காரர் முடிச்சுப் போட்டு நூலைக் கடிக்கிறார். மகள் அவர் தலையைத் தொட்டுவிட்டு எழுந்து ஓடுகிறாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு மஞ்சள் நூலும் படியில் விழுந்து கிடக்கின்றன. வீட்டைப் பெருக்கும்போது டீச்சர் அவற்றையும் சேர்த்துப் பெருக்குகிறார்.