நாலு விநாடித் தூள்

கீர்த்திகா அதை அரிசி டிரம்மின் மூடிமேல் வைத்தபோது பங்கஜவல்லி கெளுத்தி மீனைச் சாம்பலில் புரட்டிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. அடியில் உப்புத்தூள்போல ஏதோ கொஞ்சம். ஊதினால் பறந்துவிடும், அவ்வளவுதான்.

"என்னடி இது, ஹோமியோபதியா?"

"தம்பிம்மா."

பங்கஜவல்லியின் கை மீனோடு நின்றுவிட்டது.

மூன்று வருஷம் ஆகிறது. கடைசி வருஷப் படிப்பை நிறுத்திவிட்டேன் என்று சிவநாதன் வந்து நின்ற மத்தியானம், "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று அவள்தான் சொன்னாள். அவன் சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் அவள் போனில் அவனுடைய குரல் செய்தி ஒன்று வந்தது. நாலு விநாடி என்று காட்டியது. கோபத்தில் தொடவில்லை. கோபம் ஆறி, கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கப் போனபோது, திருமலைராயன்பட்டினத்திலிருந்து யாரோ அவன் போனிலேயே கூப்பிட்டார்கள். லாரி. அதற்குப் பிறகு எப்படித் தொடுவாள்? காரியம் முடிந்த அன்று, "அத அழிச்சுடு, எங்கயும் இருக்கக் கூடாது" என்று மகளிடம் போனை நீட்டினாள்.

நாலு விநாடி என்றால் கொஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். பொங்கும் பால் விளிம்புக்கு வர நாலு விநாடி. குக்கர் ஒரு விசில் அடித்து அடங்க நாலு விநாடி. பம்புசெட்டை நிறுத்திய பிறகு குழாயில் மிச்சத் தண்ணீர் விழுவதும் அதே நாலுதான். ஒவ்வொன்றிலும் அவன் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். சில நாள், "அம்மா, சாயங்காலம் வந்துர்றேன், சோத்த மூடி வை." சில நாள், "நீ செத்தாக்கூட அங்க வரமாட்டேன்." இரண்டும் நாலு விநாடிக்குள் அடங்கும். அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"அழிச்சேன்னியே."

"போன்ல அழிச்சேன். என் கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருந்துது. நான் வேல பாக்கற பெங்களூரு லேப்ல அவன் கொரல இந்தத் தூள்ல எழுதினப்புறந்தான் அதையும் அழிச்சேன். பெப்டைடும்மா. பாசிமணி கோக்கற மாதிரி. எந்த மணிக்குப் பக்கத்துல எந்த மணிங்கிற வரிசையிலதான் அவன் பேசினது இருக்கு. மணின்னா வேற ஒண்ணுமில்ல, பருப்புல மீன்ல இருக்கற சத்துதான்."

"மீன்ல இருக்கறதா? அப்ப எறும்பு வருமே!"

கையைக் கழுவியும் கழுவாமலும் எழுந்தாள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, சர்க்கரை டப்பாவை வைப்பதுபோல அதன்மேல் குப்பியை வைத்தாள்.

"ஈரம் ஆவாதும்மா."

"தட்டுலதானடி தண்ணி." பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீ கேட்டியா?"

"இல்ல. அது ஒனக்கு வந்தது. நான் வெறும் நம்பராத்தான் பாத்தேன்."

"இப்ப எதுக்குக் கொண்டாந்த?"

"லேப்ப மூடறாங்க. படிக்கற மிஷின் இந்த மாசத்தோட போவுது. ஒரே ஒரு தடவதான் படிக்க முடியும். மாலைய அறுத்து, துண்டு துண்டா எடை போட்டுத்தான் வரிசைய கண்டுபிடிக்கணும். தூள் மிஞ்சாது. ஆனா சரியா வந்துடுச்சுன்னா எத்தன தடவ வேணாலும் போட்டுக் கேக்கலாம்."

"வரலன்னா?"

கீர்த்திகா குப்பியின் மூடியை இன்னொரு திருகு திருகினாள்.

எத்தனை தடவை வேண்டுமானாலும். பங்கஜவல்லிக்கு அதுதான் பயம். அந்த இரண்டு பேச்சில் இரண்டாவதாக இருந்துவிட்டால்? இதுவரை பாலிலும் குக்கரிலும் பாதி நாளாவது அவன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். "ஏற்கெனவே ஒரு தடவ ஆஸ்பத்திரில அறுத்தாங்க அவன" என்று மட்டும் சொன்னாள். அன்று கெளுத்தியைக் குழம்பு வைத்தாள். அவள் தட்டில் ஒரு துண்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை வரிச்சிக்குடி நிறுத்தத்தில் பேருந்து வந்து நின்றது. குப்பி பங்கஜவல்லியின் முந்தானை முடிச்சில் இருந்தது. கீர்த்திகா படியில் ஏறிக் கையை நீட்டினாள்.

"குடும்மா."

முடிச்சு இறுகிக் கிடந்தது. பங்கஜவல்லியின் விரல்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன.

"ஏறுறீங்களா இல்லியாம்மா? பஸ்ஸுக்கு வேற சோலி இருக்கு" என்றார் கண்டக்டர்.

பங்கஜவல்லி ஏறினாள்.

"எங்கம்மா வர்ற? செருப்புகூடப் போடல!"

"அன்னிக்கு உள்ள விடல. வெளில பெஞ்சுல உக்கார வச்சிட்டாங்க. இந்தத் தடவ அறுக்கறப்ப நான் பக்கத்துல இருக்கேன்."

"எங்கம்மா போவணும்?" கண்டக்டர் டிக்கெட்டோடு நின்றார்.

"பெங்களூரு."

"இது காரைக்கால் வரைக்குந்தான்."

"தெரியும், குடு."

கீர்த்திகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பா என்று தெரியவில்லை. கோட்டுச்சேரி வேகத்தடையில் பேருந்து ஏறி இறங்கியது. முடிச்சுக்குள் ஏதோ அசைந்ததுபோல இருந்தது. பங்கஜவல்லி அதைக் காதோடு வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். மூன்று வரை வந்து, நிறுத்திக்கொண்டாள்.