துணி ஏறி வந்த சந்து

எலியோதோரோ கம்பியைக் கொடுத்து இரும்பு மூடியை நெம்பினான். ஜனவரிக் கோடை வெயிலில் வெந்துகிடந்த சாக்கடை குப்பென்று முகத்தில் அடித்தது. சுகாதாரத் துறையிலிருந்து வந்திருந்த உர்ரூத்தியா மெல்லிய துணிச்சுருளை நூலில் கட்டிக் கொடுக்க, அவன் அதை ஓடும் நீரில் தொங்கவிட்டான். மூன்று நாளில் எடுத்துச் சோதிப்பார்கள். டைபாய்டு கிருமி இருந்தால் அடுத்த துணி, நீர் வரும் திசையில் ஒரு மூடி தள்ளி. இப்படித் தெருத்தெருவாக ஏறி, இன்று அவன் குடியிருக்கும் சந்துக்கே வந்திருந்தது.

"இந்தக் குழாயில ரெண்டே வீடுதான், எலியோ. உங்களோடது, பக்கத்துல நியேவெஸோடது. உங்க வீட்டுத் தொட்டியில கட்டியாச்சு. இது சுத்தம்னா அவங்கதான்."

"சீக்காளிதானே மேடம் பரப்புவாங்க?"

"எப்பவோ வந்து குணமானவங்களும்தான். ஆளு நல்லாத்தான் இருப்பாங்க. பித்தப்பையில கல்லு இருந்தா கிருமி அங்கேயே குடியிருக்கும். அவங்களுக்கே தெரியாது."

அவன் மனைவி ஃப்ரெசியாவுக்குப் பத்தொன்பது வயதில் டைபாய்டு வந்தது. இப்போது பித்தப்பையில் கல். தெருமுனையில் அவள் பூசணி வடை பொரித்து, மேலே வெங்காயம், கொத்தமல்லி, பச்சைமிளகாயைக் கையால் பிசைந்து வைத்து விற்றாள். அவன் வேலை பார்த்த ஆலை மூடிய பிறகு, சாக்கடை வேலைக்கு நகராட்சி கொடுக்கும் கூலி ரொட்டிக்கே பற்றவில்லை. அந்த வடைதான் ஐந்து வயிற்றையும் காப்பாற்றியது. நியேவெஸின் மகள் யஸ்னாவும் தினமும் வந்து வாங்கித் தின்பாள். நவம்பரில் டைபாய்டில் செத்துப்போனாள். ஏழு வயது.

மூன்றாம் நாள் காலை, உர்ரூத்தியா வருமுன், எலியோதோரோ தன் வீட்டுத் தொட்டியிலிருந்து துணியை எடுத்து, கிருமி சாக ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்து, அலசி, மறுபடி கட்டினான். "மாமா, இன்னும் கொஞ்சம் காரம்" என்று தொட்டிக்குள்ளிருந்து யஸ்னா கேட்டது போலிருந்தது. மூடியைப் போட்டு, அதன்மேலேயே ஏறி நின்றுகொண்டான். வெகுநேரம் இறங்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் முடிவு வந்தது. "உங்க வீடு தப்பிச்சுது, எலியோ" என்று சொல்லிவிட்டு உர்ரூத்தியா நியேவெஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் நியேவெஸுக்கு வேலை. மூன்று தடவை மலம் சோதித்துச் சுத்தமென்று வரும்வரை உள்ளே போகக் கூடாது, கூலியும் கிடையாது. நகரத்தின் சாக்கடை முழுக்க ஆற்றில் விழுந்தது, அந்தத் தண்ணீரில்தான் கீரைத் தோட்டங்கள் பச்சைப்பசேலென்று நின்றன. அங்கே யாரும் தடை உத்தரவு கொண்டுபோகவில்லை.

"பெத்த பொண்ணையே சோத்துல வச்சுக் கொன்னுட்டா" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு மதியம் நியேவெஸ் தன் இளைய மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று வயது இருக்கும். அவனைத் தொடாமல், சட்டைக் காலரை மட்டும் பிடித்திருந்தாள்.

"ஃப்ரெசியாக்கா, நேத்துலேர்ந்து இவன் ஒண்ணும் சாப்பிடல. என் கையால குடுக்க பயமாருக்கு. நீங்க குடுங்கக்கா. உங்க வீடுதான் சுத்தம்னு எழுதிக் குடுத்திருக்காங்களே."

"அடி பைத்தியமே, உள்ள வா" என்று ஃப்ரெசியா அழுதாள். பையனை மடியில் இருத்தி, ரொட்டியைப் பிய்த்து, அவகாடோவை விரலால் மசித்துத் தடவினாள்.

எலியோதோரோ எழுந்தான்.

"கை கழுவினியா?"

"யோவ் கிழவா, எனக்கே பாடம் எடுக்கிறியா? சோப்புப் போட்டுக் கழுவினேன்." அவள் விரல்களை விரித்துக் காட்டிவிட்டுப் பையன் பக்கம் திரும்பினாள். "ஆ காட்டுடா செல்லம்."

பையனுக்கு நல்ல பசி. வாயை அகலமாகத் திறந்தான்.