இரண்டு வென்ற்

1987இல், குளிர்காலத்துக்காக மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிய ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றுக்கு வாடகைக்கு மாறினார்கள்.

வீட்டுக்காரர் அருள்நாயகம் கட்டட நிறுவனமொன்றில் படம் வரைபவர். வீடு புதியது. சாமான்களை இறக்குவதற்கு முன்னரே யோகமலரையும் அவள் கணவன் சச்சிதானந்தனையும் பேஸ்மென்ற் மூலையில் தொங்கிய தகரப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இது சீல் பண்ணின வீடு. ஒரு ஓட்டை கிடையாது. மூச்சு விடுறது இந்த மெஷின்தான். பழைய காத்தை வெளியில தள்ளும், புதுக் காத்தை உள்ளுக்கு எடுக்கும். போற காத்து தன்ர சூட்டை வாற காத்துக்குக் குடுத்திட்டுத்தான் போகும். ஆனா ரெண்டும் ஒண்டையொண்டு தொடாது.”

“எங்கட கலியாணம் மாதிரி,” என்றாள் படியில் நின்ற அவர் மனைவி தவமணி.

அவர் சிரிக்கவில்லை.

“வெளிச்சுவரில காத்துக்கெண்டு ரெண்டு துவாரம், வென்ற், இருக்கு. ஸ்னோ மூடாமப் பாத்துக்கொள்ளுங்கோ. வீட்டுக்குள்ள மீன் பொரிக்கிறது, மிளகாய்த் தூள் வறுக்கிறது, ஒண்டும் கூடாது.”

யோகமலர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். மகள் தர்சினிக்கு ஐந்து வயது. மூச்சு முட்டு வருத்தம். முன்னர் இருந்த பார்க்டேல் அப்பார்ட்மென்றில் சுவர்கள் பூஞ்சணம் பிடித்திருந்தன. அங்கே பிள்ளை படுக்க முடியாமல் இருந்தபடியேதான் தூங்கினாள்.

இங்கே முதல் வாரமே படுத்துத் தூங்கினாள். யோகமலருக்குத்தான் நித்திரை இல்லை. இழுப்புச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி கிடப்பாள். மெஷினின் உறுமல் மட்டும் கேட்கும். அதை அவள் நம்பவில்லை. எழுந்து போய்க் காற்று வரும் துவாரத்தில் கையை வைப்பாள். திரும்பி வந்து படுப்பாள். மறுபடி எழும்புவாள்.

ஒருநாள் தவமணி கீழே இறங்கி வந்தாள்.

“உம்மட தூள் முடியப் போகுதெண்டீர். வறுக்கேக்க எனக்கும் ஒரு போத்தல் வறும். கடைத் தூள் மண் மாதிரிக் கிடக்கு.”

“அண்ணை கூடாதெண்டவர்.”

“வீட்டுக்குள்ளதானே கூடாதெண்டவர். வெளியில வறும். நான் கேட்டனெண்டு மட்டும் சொல்லிப்போடாதையும்.”

சனிக்கிழமை சச்சிதானந்தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனான். யோகமலர் கரண்ட் அடுப்பையும் தாச்சியையும் பக்கக் கதவால் வெளியே கொண்டு வந்தாள். குளிர் காதைக் கடித்தது. சுவரில் இரண்டு வென்றும் தெரிந்தன. பார்க்டேலில் அடுப்புக்கு மேலே இருந்ததும் வென்ற்தான். புகையை இழுத்துக் கொண்டுபோய் வெளியே விடும். கிட்ட இருந்த வென்றுக்குக் கீழே அடுப்பை வைத்தாள்.

மல்லி வறுபட்டது. பெருஞ்சீரகம் வறுபட்டது. கடைசியாகச் செத்தல் மிளகாயைக் கொட்டினாள். புகை எழுந்து, வளைந்து, வென்றுக்குள் போயிற்று. அயல் வீட்டுப் பக்கம் ஒரு துளியும் போகவில்லை. அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

உள்ளே புகை அலாரம் அலறியது.

அருள்நாயகம் சாரத்தோடு வாசலுக்கு ஓடி வந்தார். கண்ணீர் வழிந்தது. பின்னால் தவமணி, முகத்தைத் துவாயால் பொத்தியபடி. இருமி இருமி மூலை திரும்பியவர் தாச்சியைக் கண்டார்.

“என்ன செய்யிறீங்கள்?”

“வென்றுக்குக் கீழதானே அண்ணை வறுக்கிறன்.”

“அது உள்ளுக்கு எடுக்கிற வென்ற்!”

“வென்ற் எண்டா வெளியில விடுறதெல்லோ?”

“ஓம், உங்களைக் கேட்டுத்தான் வெள்ளைக்காரன் பேர் வைச்சவன்!”

யோகமலர் தவமணியைப் பார்த்தாள். தவமணி தெருவைப் பார்த்தாள்.

அருள்நாயகம் நேரே பேஸ்மென்றுக்குப் போய் மெஷினின் வயரைப் பிடுங்கினார்.

மேலே ஜன்னல்களைத் திறந்து விட்டார்கள். பேஸ்மென்ற் ஜன்னல் திறக்காத கண்ணாடி. அதில் நீர் கோத்தது. பிறகு வழிந்தது. தலையணை ஈரமானது. அந்தக் கிழமை முடியமுன் தர்சினி இருந்தபடியே தூங்கத் தொடங்கினாள்.

யோகமலர் அறைக்குள் நடந்தாள். அடுப்படிக்கும் கட்டிலுக்கும், கட்டிலுக்கும் பெட்டிக்கும்.

“சும்மா இருக்கேலாதோ உமக்கு?” என்றான் சச்சிதானந்தன். “அவரிட்டைப் போய் ஒண்டும் கேளாதையும். கலைச்சால் திரும்பப் பார்க்டேல்தான்.”

“இப்ப மட்டும் எங்க இருக்கிறம்?”

அவன் வேலைக்குப் போன பிறகு பெட்டியின் கதவைத் திறந்தாள். உள்ளே இருந்த வடிகட்டிகளில் ஒன்று சிவந்திருந்தது. தொட்டியில் போட்டுக் கழுவினாள். கண் எரிந்தது. தண்ணீர் நிறமில்லாமல் ஓடும்வரை கழுவினாள். காயவைத்து, இருந்தபடியே செருகினாள். பிறகு படியடியில் நின்று கூப்பிட்டாள்.

அருள்நாயகம் இறங்கி வந்தார். தவமணி மேல்படியில் நின்றுகொண்டாள்.

“மெஷினைக் கொம்பனிக்காரன் வந்து பாக்குமட்டும் போடேலாது,” என்றார். “வீடு முழுக்க மிளகாய் மணம்.”

“எப்ப வருவான்?”

“கிறிஸ்மஸுக்குப் பிறகு.”

“நான் கழுவிப்போட்டன் அண்ணை. இப்ப மணமில்லை.”

“ஆரைக் கேட்டுத் திறந்தனீங்கள்?”

மெஷின் ஓடாததால் வீட்டில் சத்தமே இல்லை. கட்டிலை மறைத்த திரைச்சீலைக்குப் பின்னால் பிள்ளையின் மூச்சு விசிலடித்தது. நின்றது. மறுபடி விசிலடித்தது. அவருக்கும் கேட்டது. அவர் பெட்டியைப் பார்த்தார்.

“தூள் கேட்டது நான்,” என்றாள் தவமணி மேலிருந்து.

அவர் திரும்பவில்லை. “ஆர் கேட்டாலென்ன? இது என்ர வீடு. இருக்க விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ.”

யோகமலர் குனிந்து, நிலத்தில் கிடந்த வயரை எடுத்தாள்.

“அண்ணை, நீங்கள் போடுறீங்களோ, நான் போடட்டோ?”