உறைக்கு வைத்த பொட்டு

பழனிவேல் வேலை முடிந்து ஹில்ஸ்பரோ வீட்டுக்குள் நுழைந்தபோது ஊதுபத்தி வாசனை வந்தது. ஆயுத பூஜை. வாரநாளில் வந்ததால் மரகதம் அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தாள். அவனுக்குச் சனிக்கிழமையும் ஆய்வகத்தில் ஷிஃப்ட். நாள் முழுக்க நின்ற கால்கள் கடுத்தன.

சாமி மேசையில் லேப்டாப், கார்ச் சாவி, காய் நறுக்கும் கத்தி. அவற்றுக்கு முன்னால் வரிசையாக அவனுடைய தோலுறைகள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம்.

கைத்துப்பாக்கியை இடுப்பில் மாட்டுகிற பழைய உறைகள். துப்பாக்கி ஒன்றுகூட அவனிடம் இல்லை. வெறும் உறைக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஞாயிற்றுச் சந்தைகளிலும் ஏலங்களிலும் பொறுக்கிச் சேர்த்தவை. தையலைப் பார்ப்பான், பித்தளைக் குமிழைப் பார்ப்பான், உள்ளே கிடந்த துப்பாக்கி தோலில் விட்டுப்போன புடைப்பைத் தடவுவான். எந்தக் காலம், எந்தத் துப்பாக்கி என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மரகதத்துக்கு அவை செத்த மாட்டுத் தோல். கராஜைத் தாண்டி உள்ளே விட்டதில்லை.

"என்ன மரகதம் இது?"

"உங்க ஆயுதம்ங்க. நம்ம வீட்டுல வேற என்ன ஆயுதம் இருக்கு? துப்பாக்கி இல்லாட்டி என்ன, அதோட சட்டைக்கு ஒரு பொட்டு." சிரித்தாள். "எல்லாத்தையும் துடைச்சு, தேங்காயெண்ணெய் போட்டேன். எப்படி மினுக்குது பாருங்க."

அவன் கண்கள் வரிசையில் ஓடின. கடைசியில் இருந்தது அவனுடையது அல்ல, தவராசாவுடையது.

"இதையுமா?"

"அதுதான் ரொம்ப அழுக்கு. மூடிக்கு உள்பக்கம் ஏதோ மைக்கறை. தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தேன். விரலே வலிக்குது."

மூடியைத் தூக்கினான். உட்புறம் டிகாஷன் நிறத்தில் இருந்தது. அங்கே இருந்த எழுத்து இல்லை.

தவராசா நகரின் இன்னொரு பக்கம், பக்குரங்காவில் இருப்பவர். கோயிலில் பழக்கம். யாழ்ப்பாணத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்த தன் அப்பாவின் உறை எந்த ஆண்டுச் சாமான் என்று பார்த்துச் சொல்லக் கொடுத்திருந்தார். மூடியின் உட்புறம் மையால் ஆங்கிலத்தில் கே. வைத்திலிங்கம் என்று எழுதியிருந்தது. "மற்றதெல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சுது தம்பி. அப்பாவின்ர கையெழுத்தெண்டு மிஞ்சினது இதொண்டுதான்" என்று சொல்லி இரண்டு கையாலும் நீட்டினார்.

மரகதம் அவன் முகத்தைப் பார்த்தாள். "என்ன, நல்லா இல்லையா?"

"நல்லாருக்கு."

அவன் பொருளை முதல்முறையாக உள்ளே கொண்டுவந்து கும்பிட்டிருக்கிறாள். அவளிடம் எதைச் சொல்வது.

மறுநாள் காலை கராஜில் உட்கார்ந்தான். எந்த உறை வந்தாலும் முதலில் படம் எடுத்துவிடுவது அவன் வழக்கம். போனில் அந்தப் பெயர் தெளிவாக இருந்தது. போலி செய்கிறவர்கள் மையை எப்படி மங்க வைப்பார்கள், எந்த முனையால் எழுதுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவர்களிடம் ஏமாந்து ஏமாந்து கற்றது. ஒரு தாளில் எழுதிப் பார்த்தான். வைத்திலிங்கத்தின் சாய்வு எளிதாகவே கைக்கு வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தவராசா வீட்டுக்குக் காரை எடுத்தான்.

"வாங்கோ தம்பி. என்ன, முகம் செத்துக் கிடக்கு?"

"வேலை, ஐயா."

"இந்த ஊரில எல்லாருக்கும் இந்த ஒரு பாட்டுத்தான். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"இருக்கட்டும். முதல்ல இதைப் பாருங்க." உறையை மேசையில் வைத்தான். "இடுப்பு வாரு நுழையிற பட்டைக்கு அடியில வருஷம் அடிச்சிருக்கு. நாப்பத்து நாலு."

"ஓம், ஓம். அப்பா சேர்ந்தது நாப்பத்தாறில." தவராசாவின் முகம் மலர்ந்தது. "அப்ப சரிதானே?"

"சரிதான். ஆனா எழுத்து போச்சு ஐயா. வீட்டுல பூஜைன்னு தெரியாம துடைச்சுட்டாங்க. தப்பு என்னுது. தனியா எடுத்து வெச்சிருக்கணும்."

தவராசா மூடியைத் திறந்தார். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மோந்தார்.

"தேங்காயெண்ணெய்."

"ஆமா."

"பொட்டும் வைச்சிருக்கிறா." தையலுக்குள் சந்தனம் ஒட்டியிருந்தது. "எங்கட அம்மாவே இதைத் தொட்டதில்லை. அப்பா விடார்."

பழனிவேல் போனை நீட்டினான். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதைப் பாத்து நீங்கள் எழுதுவியளே?"

"எழுதலாம். ஆனா அது போலி."

"ஆருக்குப் போலி? நான் விக்கப் போறனே?"

"உங்களுக்குத்தான் ஐயா. தொறக்கிறப்பெல்லாம் என் கையைத்தான் பாப்பீங்க."

அவர் மேசைக்குத் திரும்பினார். பழக்கூடைக்குள் கிடந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்தார். போனைக் கூடையில் சாய்த்து வைத்தார்.

"அப்ப நான் எழுதுறன். மகன் எழுதினா?"

பழனிவேல் மூடியை அவர் பக்கம் விரித்துப் பிடித்தான்.

தவராசா குனிந்து எழுதினார். முனை வழுக்கியது. அழுத்தினார். தோலில் பள்ளம் மட்டும் விழுந்தது.

"மை பிடிக்குதில்லை."

"எண்ணெய் ஊறியிருக்கு. இப்ப எதுவும் நிக்காது."

"எப்ப நிக்கும்?"

பழனிவேல் கண்களைத் தேய்த்துக்கொண்டான். சொன்னால் அவர் எழுதிவிடுவார்; சொல்லலாமா என்று யோசித்தான். யோசிக்கவும் அலுப்பாக இருந்தது.

"மாசக்கணக்காகும். பேப்பர் டவல்ல சுத்தி வைக்கணும். அது எண்ணெய இழுக்கும். ஊறினதும் மாத்திடணும். வெயில் படக்கூடாது."

"பிறகு எழுதலாமோ?"

"எழுதலாம். பால்பாயிண்ட் வேண்டாம். நான் பேனா கொண்டு வர்றேன்."

தவராசா சமையலறையிலிருந்து பேப்பர் டவல் ரோலை எடுத்துவந்தார். கிழிக்க வரவில்லை. பழனிவேல் வாங்கிக் கிழித்துக் கொடுத்தான். அவர் மூடிக்குள் ஒன்றைத் திணித்துவிட்டுச் சுற்றத் தொடங்கினார்.

"இப்பிடியோ?"

"இன்னும் கொஞ்சம் இறுக்கமா, ஐயா."