வளையம் வைத்த இடம்

மேரன் சேணத்தைச் சுமந்து வந்து பட்டறை மேசைமேல் போட்ட சத்தத்திலேயே அவள் மனசு தெரிந்தது. ஓரின் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தான். மூன்று வருஷத்துக்கு முன் அவள் புருஷன் ராய்ஸுக்கு ஓரினே செய்து கொடுத்த சேணம். போன மே மாதம், கன்றுகளுக்குச் சூடு போட்ட அன்று, ராய்ஸ் இதிலிருந்து தூக்கியெறியப்பட்டுக் கழுத்து ஒடிந்து செத்துப்போனான்.

"என் பெட்டைக் குதிரைக்குத் தோதா மாத்திக் குடு ஓரின். சும்மா ஈ ஓட்டிட்டுத்தான இருக்க."

"இந்த ஊருக்கு ஈ கூட வர்றதில்ல. வெளிய வண்டியில எந்தக் குதிரை?"

"நிக்கல்தான். ராய்ஸத் தள்ளுனது. ஏலத்துக்குப் போகுது. கசாப்புக்கு வாங்குறவன் வருவானாம்."

ஆளைக் கொன்ற குதிரையை அந்தப் பக்கத்தில் யாரும் வைத்துக்கொள்வதில்லை. அண்டைப் பண்ணைக்கு விற்பதும் பாவம். எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று ஓரின் சேணத்தைப் புரட்டினான். வயிற்றுக்கடியில் இறுக்குகிற வார் தொங்கியது. அதன் முன் ஓரம் மட்டும் கறுத்து, பலகை மாதிரி விறைத்திருந்தது. விரலால் சுரண்டினான். சாம்பல் நிற மயிர் ஒட்டிக்கொண்டு வந்தது. வேர்வை இப்படிக் காயாது. காய்ந்த ரத்தம்.

வெளியே போய், குதிரையை ஏற்றி வந்த வண்டியின் கம்பிகளுக்குள் கையை விட்டான். முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை மயிர். புண் ஆறி ஆறி மறுபடி கிழிந்த தோலில்தான் அப்படி முளைக்கும். தொட்டதும் நிக்கலின் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. உதைக்கவில்லை. காதைச் சாய்த்துக்கொண்டு அடிக்குக் காத்திருப்பதுபோல நின்றது.

வார் தொங்குகிற இரும்பு வளையத்தை எங்கே வைப்பது என்பதைக் குதிரைதான் சொல்ல வேண்டும். சேணத்தின் வெறும் மரச்சட்டத்தை அதன் முதுகில் வைத்து, வளையத்திலிருந்து குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு, நெஞ்சுக்கூட்டில் வார் படியும் பள்ளத்துக்கு நேரே இறங்குகிறதா என்று பார்த்த பிறகே ஆணி அடிக்க வேண்டும். சேணம் செய்தபோது ஓரின் குதிரையைக் கொண்டு வரச் சொன்னான். ராய்ஸ் சிரித்தான். "என்னய்யா, கல்யாணப் பொண்ணுக்கா அளவெடுக்குற? மாட்டுக்குக் கயிறு வீசுறவனுக்கு, கயித்தக் கட்டுற சேணக் கொம்புக்கு நேர் கீழதான் வளையம். எங்கப்பனுக்கு வச்ச எடத்துலயே வை." ஓரினும் வைத்துவிட்டான். நிக்கலுக்குப் பள்ளம் பின்னால் தள்ளி இருந்திருக்கிறது. மாடு கயிற்றை இழுக்கும்போதெல்லாம் வார் முன்னங்காலுக்குப் பின்னால் அறுத்திருக்கிறது.

வாயை மூடிக்கொண்டால் போதும். சாயங்காலத்துக்குள் குதிரை கசாப்பு லாரியில் ஏறிவிடும், யாருக்கும் தெரியாது. பின்னாலேயே மேரன் வந்து நின்றாள்.

"மேரன், இது மேல தப்பில்லம்மா."

"என்னது?"

"நாந்தான் வளையத்த முன்னால வச்சுட்டேன். குதிரையப் பாக்காமயே வச்சேன். வலி பொறுக்காமத்தான் இது துள்ளியிருக்கு."

அவள் புரியாதவள்போல அந்த வெள்ளை மயிரையே பார்த்தாள்.

"ராய்ஸ் மருந்து தடவுவான்," என்றாள். "உண்ணி கடிச்ச புண்ணுன்னு சொன்னான்." பிறகு, "மூணு மாசமா தண்ணி காட்டும்போதெல்லாம் இதத் திட்டுறேன் ஓரின். கொலகாரப் பயலேன்னு. தலையத் தொங்கப் போட்டுட்டுக் குடிக்கும்."

ஓரின் தொப்பியைக் கழற்றி என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தான்.

"இத ஏன்யா எங்கிட்ட சொன்ன? குதிரையத் திட்டிக்கிட்டாவது இருந்திருப்பேனே."

அவள் அழவில்லை, அறையவும் இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"எவ்வளவு பின்னால வச்சிருக்கணும்?"

ஓரின் மூன்று விரல்களைச் சேர்த்துக் காட்டினான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வண்டி மண்பாதையில் இறங்கி, நெடுஞ்சாலை முனையில் போய் நின்றது. இடது பக்கம் ஏலக்கொட்டகை, வலது பக்கம் அவள் பண்ணை. ஒரு வண்டி கடந்தது, இன்னொன்று கடந்தது. பிறகு சாலை வெறிச்சென்று கிடந்தது. அவள் கிளம்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த கையில் மூன்று விரல்கள் சேர்ந்தபடியே இருந்தன.